புது டெஸ்க்டாப்: இப்போதே வாங்கவா, இன்னும் பொறுக்கவா?

இந்த முறை ஒரே கேள்வி பல சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் வழக்கமான கதம்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, டெஸ்க்டாப் வாங்கும் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் டெஸ்க்டாப் 2016-ல் வாங்கியது. இன்டெல் ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கணக்கு எழுதுவது, மெயில், வீடியோ அழைப்பு, இவ்வளவுதான் வேலை. காலையில் ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர், "ராம் விலை ஏறிக்கொண்டே போகுது, இன்னைக்கே எடுத்துடுங்க" என்கிறார். என் மகன், "புது பிராசசர் வரப்போகுது, பொறுங்கப்பா" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருமே உங்கள் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்க்காமல் பேசுகிறார்கள். முதலில் நீங்கள் பாருங்கள்.

நாளைக் காலை அந்த வட்டம் சுற்றும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்து என்ன தெரியும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும்: சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கும். அங்கே டிஸ்க் என்ற வரியைச் சொடுக்கிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை, 100 சதவீதம் என்கிறதே தவிர நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிகூடப் படித்திருக்காது. காரணம், ஹார்டு டிஸ்க்கில் ஒரு முள் தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடி ஓடிப் படிக்க வேண்டும், நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டாக இருந்தாலும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு, நூற்றைம்பது தடவைக்கு மேல் எட்டிப் பிடிக்க முடியாது. விண்டோஸ் ஆன் ஆகும்போது கேட்பதோ அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகள். சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி என்ற வகையில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை, அது இதே வேலையை நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை செய்யும்.

ஆக, உங்களுக்கு வயதாகிப்போனது பிராசசர் இல்லை, டிஸ்க். சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், உங்கள் மதர்போர்டில் அது கண்டிப்பாகப் பொருந்தும். அதன் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 550 எம்பி, என்விஎம்இ வகையில் 3,500, 7,000 என்றெல்லாம் போகும். அந்த எண்களைப் பார்த்து ஏங்க வேண்டாம், உங்கள் வேலைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எறியாமல் படங்கள், பழைய கோப்புகள் வைக்க விட்டுவிடலாம். மாற்றும் முன் முக்கியமானதையெல்லாம் வேறு ஓரிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள், இதை எத்தனை தடவை எழுதினாலும் யாரோ ஒருவர் எடுக்காமல் விட்டு அப்புறம் கண்ணீர்க் கடிதம் போடுகிறார்.

கேபினெட்டைத் திறக்கும்போது பிராசசர் மேல் இருக்கும் ஃபேனையும் பாருங்கள். பத்து வருடம் திறக்காத பெட்டி ஒன்றை சமீபத்தில் திறந்தேன், ஃபேனுக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளி மாதிரி நெய்துகொண்டு கிடந்தது, விரலால் உரித்தால் ஒரே துண்டாக வந்தது. அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எந்த பிராசசரும் வேகமாக ஓடாது, சூடு ஏறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சரி, அப்படியானால் வாங்கவே வேண்டாமா என்றால், அங்கேதான் விண்டோஸ் வந்து நிற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்றுக்கொள்ளும். உங்களுடையது ஆறு. குறுக்கு வழியில் ஏற்றிவிடும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் கணக்கு வழக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அடுத்த அப்டேட் வருமா என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வாய்தா இருக்கிறது. வீட்டில் பயன்படுத்துவோருக்கு விண்டோஸ் 10-இன் பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் நீட்டித்திருக்கிறது. தானாக வராது, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒத்துக்கொண்டால் கட்டணம் இல்லாமலே கிடைக்கும். அதற்கு அப்புறம்? கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஓட்டை அடைபடாது, அவ்வளவுதான். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தும் குரோம் பிரவுசர் அதில் 2023 தொடக்கம் வரை வந்துகொண்டிருந்தது. அதற்காக அதே தைரியத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, உங்கள் ஆறாம் தலைமுறையில் வெண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் நீங்கள் கணக்கு எழுதும் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

என் தீர்ப்பு: எஸ்எஸ்டி போடுங்கள், நீட்டிப்புக்குப் பதிவு செய்யுங்கள், 2026 அக்டோபருக்கு முன் நிதானமாகப் புதிது வாங்குங்கள். போடும் எஸ்எஸ்டி வீண் இல்லை, புதுப் பெட்டிக்கும் வரும். மகன் சொன்னபடியே பொறுத்த மாதிரியும் ஆயிற்று, ஆனால் பிராசசருக்காகப் பொறுக்கவில்லை, தேதி தெரிந்து பொறுக்கிறீர்கள்.

கேள்வி: ராம் விலை நிஜமாகவே இப்படி ஏறியிருக்கிறதா, இல்லை வியாபாரத் தந்திரமா? சில மாதம் பொறுத்தால் இறங்காதா?

நிஜம்தான். உலகத்தில் ராம் சிப் செய்யும் பெரிய கைகள் மூன்றே மூன்று: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கு எச்பிஎம் என்ற ஒரு வகை மெமரி வேண்டியிருக்கிறது. அதையும் இதே தொழிற்சாலைகளில், இதே சிலிக்கான் தட்டுகளில்தான் செய்தாக வேண்டும், லாபமும் அதில்தான் அதிகம். அந்தப் பக்கம் வாரிக் கொடுத்தால் இந்தப் பக்கம் வற்றத்தானே செய்யும். 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறத் தொடங்கியது. அந்த டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ராமும் எஸ்எஸ்டியும் விற்ற வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. புதிதாக ஒரு மெமரி தொழிற்சாலை கட்டி உற்பத்திக்கு வர வருடங்கள் ஆகும், அதனால் மூன்று மாதத்தில் இறங்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

விலை இறங்கும் என்று உட்கார்ந்து நானே கையைச் சுட்டுக்கொண்டவன். 2011-ல் என் பழைய ஹார்டு டிஸ்க் அவ்வப்போது "டிக், டிக்" என்று சத்தம் போட ஆரம்பித்தது. புதிது வாங்க வேண்டும் என்று தெரியும். அடுத்த மாதம் குறையும், அதற்கடுத்த மாதம் இன்னும் குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அதுவரை ஹார்டு டிஸ்க் விலை குறைந்துகொண்டேதான் வந்தது, என் கணக்கிலும் தப்பில்லை. அக்டோபரில் தாய்லாந்து வெள்ளம் டிஸ்க் தொழிற்சாலைகளுக்குள் புகுந்தது. நான் பார்த்து வைத்திருந்த டிஸ்க் சில வாரங்களில் இரண்டு மடங்கு விலைக்குப் போய்விட்டது. இது அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தேன், நவம்பரில் ஒரு நாள் "டிக்" சத்தமும் நின்றது, டிஸ்க்கும் நின்றது. ஐந்து வருடப் படங்கள் அதோடு போயின.

எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது வாங்காமல் பொறுத்தவர்கள் ஜெயித்தார்கள், 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் தன் முறையை மாற்றி கார்டு வைத்துத் தோண்டும் வேலையையே ஒழித்துவிட, பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் குவிந்தன. ஆனால் பொறுத்தவர்களிடம் ஓடுகிற ஒரு கார்டு ஏற்கெனவே இருந்தது. என்னிடம் இருந்தது சாகக் கிடந்த டிஸ்க். இரண்டுக்கும் வித்தியாசம் அதுதான்.

ராம் விஷயத்தில் நான் சொல்வது இது: தேவையான அளவை வாங்குங்கள், பயந்து போய் இரண்டு மடங்கு வாங்காதீர்கள். சாதாரண வேலைக்கு 16 ஜிபி போதும். வழக்கமாக, எட்டு எட்டாக இரண்டு துண்டு போடுங்கள், பிராசசருக்கும் ராமுக்கும் இடையில் உள்ள இரண்டு பாதைகளும் (சேனல்) வேலை செய்யும் என்பேன். இப்போதைய விலையில், 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டு ஒரு இடத்தைக் காலியாக விடுவதில் தப்பில்லை என்று மாற்றிக்கொள்கிறேன். விலை இறங்கும்போது இன்னொன்று சேர்க்கலாம். கொஞ்சம் வேகம் குறையும், பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் கேம் விளையாடுகிறவர்களுக்கு மட்டும் அது நன்றாகவே தெரியும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரின் டிடிஆர்4 ராமைப் புதியதில் போட்டுக்கொள்ளலாமா? அப்படியானால் பெரிய செலவு மிச்சமாகுமே.

எந்தப் புதிது என்பதைப் பொறுத்தது. டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ராமின் அடுத்தடுத்த தலைமுறைகள். இன்டெல்லின் போட்டியாளர் ஏஎம்டியின் இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டிலும் (சாக்கெட் என்பது போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), இன்டெல் 2024 அக்டோபரில் கொண்டுவந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையிலும் டிடிஆர்5 மட்டும்தான். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 கால்கள், நீளமும் ஒன்று, ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறி இருக்கும். உட்காரவில்லை என்றால் அமுக்காதீர்கள், அமுக்கி போர்டை உடைத்தவர்கள் உண்டு.

இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு டிடிஆர்4 ஏற்கும் போர்டும் உண்டு, டிடிஆர்5 ஏற்கும் போர்டும் உண்டு. ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 முழுக்க டிடிஆர்4. கையில் நல்ல டிடிஆர்4 16 ஜிபி இருந்து, வேலையும் அலுவலக வேலைதான் என்றால், சாதாரண நாளில் "பழைய சாக்கெட்டில் காசு போடாதீர்கள்" என்று சொல்லும் நானே இப்போது அதை வாங்கச் சொல்வேன். கையில் ராம் இல்லாதவர் ஏஎம்5 பக்கம் போவது மேல், 2027-ஐத் தாண்டியும் அந்த சாக்கெட்டுக்குப் புது பிராசசர் தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎம்4-இல் அந்த வாக்கை நன்றாகவே காப்பாற்றினார்கள்: 2017-ல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசசரைப் போட முடிந்தது.

கேள்வி: "ஏஐ பிசி" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, அது வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஸ்டிக்கருக்காக வேண்டாம். அந்தப் பெயரில் சொல்வது பிராசசருக்குள் ஏஐ கணக்குகளுக்காக இருக்கும் என்பியு என்ற ஒரு தனிப் பகுதியை. விண்டோஸின் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிகளுக்கு 40 டாப்ஸ் (என்பியுவின் வேகத்தை அளக்கும் அலகு) திறன் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பு, மேலே சொன்ன கோர் அல்ட்ரா 200எஸ் டெஸ்க்டாப் பிராசசர்களில் இருக்கும் என்பியு 13 டாப்ஸ்தான். ஸ்டிக்கர் உண்டு, வசதி இல்லை. நீங்கள் பிரவுசரில் பேசும் ஏஐ எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது, அதற்கு உங்கள் பழைய பெட்டியே போதும். வீட்டிலேயே மாடல்களை ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் கவனிக்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டில் உள்ள மெமரியை.

கேள்வி: நான்கு வருடமாக ஒவ்வொரு புது வரிசை வரும்போதும் "அடுத்தது இன்னும் நன்றாக இருக்குமே" என்று வாங்காமலே இருக்கிறேன். வீடியோ எடிட்டிங் என் தொழில். பத்து நிமிட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய முக்கால் மணி நேரம் ஆகிறது. என் மேல் தப்பா?

ஆமாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழிலுக்குப் பயன்படும் பொருளுக்கு வேறு கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு வீடியோ என்றால் ஒன்றரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான்கு வருடத்தில் அது எவ்வளவு என்று நான் பெருக்கிச் சொல்லி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

அடுத்தது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965-லேயே சொல்லிவிட்டார், சிப்பில் அடங்கும் பாகங்கள் வருடா வருடம் இரட்டிக்கும் என்று, 1975-ல் அதை இரண்டு வருடம் என்று திருத்தினார். அந்த வேகம் இப்போது இல்லை. ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சொற்பம்தான், நான்கு தலைமுறை தாண்டினால்தான் கண்ணுக்கே தெரிகிறது. உங்களுக்கு நான்கு வருடம் சேர்ந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். (இப்படிக் காத்திருந்தே ஒரு கம்பெனியைச் சாய்த்தார்கள் என்று கதை உண்டு. 1981-ல் தூக்கிக்கொண்டு போகும் கம்ப்யூட்டர் விற்றுப் பெயர் வாங்கிய ஆஸ்போர்ன், 1983-ல் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசப்போக, சரி அதையே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆர்டர்கள் நின்று, அதே வருடம் திவாலானது. அது மட்டும்தான் காரணமா என்று இன்றும் சண்டை நடக்கிறது.)

தேதி அறிவித்து, நாலைந்து வாரத்தில் கடைக்கு வந்துவிடும் என்றால் பொறுங்கள், புதிது பிடிக்காவிட்டாலும் பழையதன் விலை கொஞ்சம் இறங்கலாம். "வரப்போகிறதாம்" என்ற பேச்சுக்கெல்லாம் பொறுக்காதீர்கள். அப்புறம் ஒன்று, புது சாக்கெட்டோடு வரும் முதல் போர்டுகளில் பயாஸ் கோளாறுகள் நிறைய இருக்கும், அதைச் சோதித்துக் கொடுக்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

வாங்கும் முன் உங்கள் எடிட்டிங் மென்பொருளில் ஹார்டுவேர் என்கோடிங் (வீடியோ கோப்பாக்கும் வேலையை கிராஃபிக்ஸ் பகுதியிடம் கொடுக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்து கிடந்ததாலேயே முக்கால் மணி நேரம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: அலுவலகங்களில் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகளைப் புதுப்பித்து மலிவாக விற்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், மூன்று விஷயம் பார்த்து. எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் தொடாதீர்கள், விண்டோஸ் 11 ஏறாத பெட்டியை நிறையப் பேர் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து, அதிலும் பெயரில் ஜி சேர்ந்தவை சிலது கணக்கில் வராது, மைக்ரோசாஃப்டின் பட்டியலோடு ஒரு முறை ஒத்துப் பாருங்கள். அடுத்து, அந்த ஒல்லிப் பெட்டிகளில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் பலவற்றில் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், நாளைக்குப் போனால் பொதுவான ஒன்றை வாங்கிப் போட முடியாது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர் ரகங்கள் கிடைத்தால் விலையைப் பார்த்து மயங்கிவிடாமல், பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். வோல்டேஜ் கூடுதலாகப் போய் பிராசசர் கெட்டுப்போகும் கோளாறு அவற்றில் இருந்தது, 2024 ஆகஸ்டிலிருந்துதான் இன்டெல் அதற்குத் திருத்தம் கொடுத்தது. ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் சரி செய்யாது.

கேள்வி: புதிது வாங்கினால் பழைய கேபினெட், எஸ்எம்பிஎஸ், மானிட்டர் இவற்றை வைத்துக்கொள்ளலாமா?

கேபினெட், தாராளமாக. எஸ்எம்பிஎஸ் பத்து வருடம் ஆனது என்றால் வேண்டாம், அது போகும்போது தனியாகப் போகாமல் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகலாம். மானிட்டர் ஓடும்வரை ஓடட்டும், ஆனால் இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு வாங்காவிட்டால் திரையில் ஒன்றும் வராது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, கம்ப்யூட்டர் பழுது என்று எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் போய் மானிட்டரின் முதுகைப் பாருங்கள், நீல நிற விஜிஏ முனை மட்டும்தான் இருக்கிறது என்றால் புதுப் போர்டுகள் பலவற்றில் அதற்கு இடமே இருக்காது, எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றைச் சேர்த்தே வாங்கி வந்துவிடுங்கள். வெறும் கேபிள் கொடுத்தால் வாங்காதீர்கள், நடுவில் சிப் வைத்த அடாப்டர்தான் வேலை செய்யும்.